பாலத்தடிப் பசங்களுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்தால் போதுமா?

நீங்கள் கேட்டது இது: உங்கள் குடியிருப்பில் பத்தாவதோடும் ஒன்பதாவதோடும் நின்றுபோன பசங்க இருபது பேர் இருக்கிறார்கள். சாயங்காலமானால் பாலத்தடியில்தான். கஞ்சா புழங்குகிறது, இரண்டு பேர் மேல் கேஸ் இருக்கிறது. ஒரு ஃபுட்பால் டீம் ஆரம்பித்தால் அவர்கள் மாறுவார்களா? மாறுவார்கள் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்து பசங்களை மைதானத்துக்குக் கூட்டிவரும். அந்த ஒரு வேலையில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. டியூஷன் என்றால் ஓடுகிற பையன், 'அட்வைஸ்' வாசம் அடித்தாலே முகம் திருப்புகிற பையன், பந்துச் சத்தம் கேட்டால் வந்து நிற்பான். ஆனால் வந்து நின்ற பிறகு அது தானாக எதையும் மாற்றாது. மாற்ற வேண்டியதை நாம்தான் பந்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். வடசென்னையில் பதினேழு வருடமாக, வேலை முடிந்த சாயங்காலங்களில் பசங்களோடு மண்ணில் நிற்கிறவன் நான். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் ஒரு ராத்திரியும் ஆனது.

அந்த ராத்திரியைச் சொல்கிறேன். ஒரு பொங்கல் சமயம். ஐவர் கால்பந்துப் போட்டியில் எங்கள் பசங்க கோப்பை அடித்தார்கள். எட்டாவதில் நின்றவன், மீன் கூடை தூக்குகிறவன், மெக்கானிக் கடைப் பையன் என்று எல்லாரும் கலந்த டீம். என் கைக்காசில் நீல ஜெர்சி தைத்துக் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். பதினோரு மணிக்கு போன். "அண்ணா, ஸ்டேஷன்ல இருக்கோம்." போய்ப் பார்த்தால், ஏழு பேரும் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், அதே நீல ஜெர்சியில். முதுகில் நம்பர் வேறு. தோற்ற ஏரியாப் பசங்க ஏதோ சொல்ல, இவர்கள் குடித்திருக்க, ஒருவனுக்குத் தலையில் ஆறு தையல். அங்கிருந்த ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் கோச்சா? நல்லா டீமா சேர்த்து வெச்சிருக்கீங்க சார்" என்றார்.

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அது உண்மை. முன்பு தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஏழு பேரை நான் ஒன்றாகச் சேர்த்து, ஓடப் பழக்கி, உடம்பைத் தேற்றி, ஒரு பெயரும் கலரும் கொடுத்திருந்தேன். ஒருவனை அடித்தால் மற்ற ஆறு பேரும் வருவார்கள் என்று கற்றுக் கொடுத்திருந்தேன். ஒரு 'கேங்க்' தருவதும் இதைத்தானே? சாயங்காலம் போக ஓர் இடம், கூப்பிட ஒரு பெயர், அடி விழுந்தால் கூட வர ஆள். டீமும் கேங்க்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அச்சு. நடுவில் என்ன விதி இருக்கிறது, எந்தப் பெரியவர் இருக்கிறார் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

அதற்கப்புறம்தான் மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு நிஜமாகவே உதவிய மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது நைரோபியின் மதாரே. கென்யாவின் பெரிய குடிசைப் பகுதிகளில் ஒன்று. பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டி, கயிறு கட்டிப் பந்தாக்கி ஆடுகிற பிள்ளைகள். 1987-இல் பாப் மன்ரோ என்கிற கனடாக்காரர் அங்கே ஓர் இளைஞர் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கிவைத்தார். சுற்றுச்சூழல் துறையில் வேலை பார்த்தவர். அங்கே வீட்டு வாசலெல்லாம் குப்பைமேடு, அடைத்துக்கொண்ட சாக்கடை, அதனால் பிள்ளைகளுக்கு ஓயாத நோய். அவர் லீக் போட்டி வைத்தார். கூடவே ஒரு விதியும் வைத்தார்: குப்பை அள்ளினால் லீக் புள்ளி. ஆட்டத்தில் ஜெயித்தால் புள்ளி கிடைப்பதைப் போலவே, வார இறுதியில் டீமாக வந்து தெருவைச் சுத்தம் செய்தாலும் அட்டவணையில் புள்ளி ஏறும். கோப்பை வேண்டுமென்றால் மண்வெட்டி எடுத்தே ஆக வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது குப்பை அள்ளியது மட்டும் இல்லை. லீக்கை நடத்துவது, நடுவராக இருப்பது, சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாமே அந்தப் பிள்ளைகள் கையில்தான். அப்படி உழைத்தவர்களுக்கு அதற்கும் புள்ளி, அந்தப் புள்ளியை வைத்துப் படிப்பு உதவித்தொகை. கால் திறமை இல்லாதவனும் அங்கே பெரிய ஆளாக முடிந்தது. அங்கிருந்து கிளம்பிய மதாரே யுனைடெட் 2008-இல் கென்ய லீக் கோப்பையையே வென்றது. செய்திகளில் வருவது இந்தக் கோப்பைதான். நான் பார்ப்பது அந்தப் புள்ளி அட்டவணையை.

இரண்டாவது கொலம்பியாவின் மெதெயின் நகரம். போதைக் கும்பல்களின் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பேர் போன ஊர். 1994 உலகக் கோப்பையில், ஜூன் 22 அன்று அமெரிக்காவுக்கு எதிராக, கொலம்பியத் தடுப்பாட்டக்காரர் ஆந்திரேஸ் எஸ்கோபார் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். கொலம்பியா வெளியேறியது. ஊர் திரும்பியவரை ஜூலை 2 அன்று மெதெயினில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அந்த ஊரில் இருந்த யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மானியர், கொலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட அதே விளையாட்டை வைத்துக் கும்பல் பசங்களை எதிரெதிரே நிறுத்த முடியுமா என்று பார்த்தார்.

அவர் கொண்டுவந்த விதிகளைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். நடுவர் கிடையாது. ஒவ்வொரு டீமிலும் பெண் பிள்ளைகள் இருந்தாக வேண்டும். முதல் கோலை ஒரு பெண்தான் போட வேண்டும், அதற்கு முன் பையன்கள் எத்தனை அடித்தாலும் கணக்கில்லை. ஆட்டத்துக்கு முன் இரண்டு டீமும் உட்கார்ந்து இன்றைக்கு என்ன விதி என்று பேசி முடிவு செய்ய வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து, யார் ஒழுங்காக ஆடினார்கள் என்று பேசிப் புள்ளி போட வேண்டும். கோல் எண்ணிக்கையில் ஜெயித்த டீம் இந்தப் பேச்சில் தோற்றுவிடலாம். பேச்சு, ஆட்டம், பேச்சு என்று மூன்று பகுதி. இன்றைக்கு இந்த முறை பல நாடுகளில் நடக்கிறது.

அந்தப் பெண் கோல் விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கத்தியோடு திரிகிற பையன் ஜெயிக்க வேண்டுமென்றால், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய் மரியாதையாக "வந்து ஆடுறியா?" என்று கேட்க வேண்டும். அவள் அண்ணனிடமும் கேட்க வேண்டும். அவளுக்குப் பந்தைப் பக்குவமாகத் தள்ள வேண்டும், அவள் தவறவிட்டால் திட்டாமல் இருக்க வேண்டும். எந்த வகுப்பெடுத்தாலும் வராத விஷயம், கோல் வேண்டும் என்கிற ஆசையில் வந்துவிடுகிறது.

எங்கள் மைதானத்தில் இதைக் கொண்டுவந்தபோது முதல் மூன்று வாரம் ரகளைதான். "இது ஃபுட்பாலே இல்லண்ணா" என்று பாதிப் பேர் போய்விட்டார்கள். நாலாவது வாரம், ஆட்டத்துக்கு அப்புறம் வட்டமாக உட்கார்ந்திருக்கிறோம். பையன் ஒருவன், ஸ்டேஷன் ராத்திரியில் இருந்த அதே நீல ஜெர்சிக்காரன், மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "ரெண்டாவது கோல் என் கையில பட்டுதான் போச்சு. யாரும் பாக்கல." யாரும் எதுவும் பேசவில்லை. எதிர் டீமில் ஒருவன் மெதுவாகக் கை தட்டினான். அந்தப் பையன் வாயிலிருந்து, யாரும் அடிக்காமல், யாரும் கேட்காமல் ஓர் ஒப்புதல் வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவனே பார்த்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது சிகாகோ. இதை ஆராய்ச்சிக்காரர்களே அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். 2009-10 கல்வியாண்டில், வன்முறை மிகுந்த பகுதிகளில் 18 பள்ளிகளைச் சேர்ந்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை ஒரு திட்டத்தில் சேர்த்தார்கள். வாரம் ஒரு முறை குழுவாக உட்கார்ந்து பேச்சு, பள்ளி விட்டதும் குத்துச்சண்டை, மல்யுத்தம், வில்வித்தை மாதிரி விளையாட்டு. முதல் நாள் பயிற்சி ஒன்று உண்டு. இரண்டு பேரில் ஒருவன் கையில் பந்து, கையை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவனுக்கு முப்பது நொடி, அந்தப் பந்தை வாங்கிவிட வேண்டும். எல்லாரும் கையை முறுக்குவார்கள், விரலைப் பிரிப்பார்கள், கட்டிப் புரள்வார்கள். முடிந்ததும் நடத்துகிறவர் கேட்பார்: "ஒருத்தராவது 'கொஞ்சம் கொடேன்' என்று கேட்டீர்களா?" "கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?" என்று மற்றவனிடம். "கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே."

அந்த வருடம் திட்டத்தில் இருந்த பசங்க வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. திட்டம் முடிந்த பிறகு கைது விஷயத்தில் அந்தப் பலன் நிலைக்கவில்லை என்பதையும் அதே ஆராய்ச்சிதான் சொன்னது. நன்கொடை கேட்கும் துண்டறிக்கைகளில் முதல் பாதி வரும், இரண்டாவது பாதி வராது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. கோடை விடுமுறைப் பதினைந்து நாள் கேம்ப், கடைசி நாள் சிறப்பு விருந்தினர், குரூப் ஃபோட்டோ என்று நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். பதினாறாவது நாள் அந்தப் பையன் எங்கே போவான்? பாலத்தடிக்குத்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

விளையாட்டு திறந்துவிடுகிற கதவுகளில் நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது காகிதம். 2019-இல் லண்டனில் தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை முதல் முறையாக நடந்தது. ஆணும் பெண்ணும் கலந்த டீம்கள். சென்னையின் கருணாலயா அமைப்புப் பிள்ளைகளும் மும்பைப் பிள்ளைகளும் சேர்ந்த இந்தியத் தென்மண்டல டீம், லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. அடுத்த உலகக் கோப்பை 2023-இல் சென்னையிலேயே நடந்தது. லார்ட்ஸ் படம் எல்லாரும் பார்த்தோம். ஆனால் நடைபாதையில் வளர்ந்த ஒரு பிள்ளை விமானம் ஏற வேண்டுமென்றால் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழோ ஆதாரோ வேண்டும். முகவரி வேண்டும். முகவரி என்று எதைக் காட்டுவது? அந்தப் போட்டியை நடத்துகிறவர்கள் அடையாள ஆவணத்தை ஒரு கோரிக்கையாகவே முன்வைத்தது இதனால்தான்.

லார்ட்ஸ் வரை போக வேண்டாம், மாவட்ட அளவில் பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டிக்குப் பெயர் கொடுத்துப் பாருங்கள். வயதுச் சான்று கேட்பார்கள். என் டீமில் முதன்முதலில் கேட்டபோது பதினாறு பேரில் ஒன்பது பேரிடம் ஒழுங்கான சான்றிதழ் இல்லை. சிலருக்குப் பிறப்பு பதிவாகியிருந்தது, ஆனால் பெயர்க் கட்டம் காலி. ஆஸ்பத்திரியில் 'ஆண் குழந்தை' என்று எழுதியதோடு சரி. சிலருக்குப் பள்ளியில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி. ஒருவனுக்கு எதுவுமே இல்லை. பிறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரைக்கும் போக வேண்டும். அவன் அம்மா வீட்டு வேலை செய்கிறவர். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு, ஆபீசில் "நாளைக்கு வாங்க" என்பார்கள். போட்டி என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்த அம்மா அந்தப் படி ஏறியே இருக்க மாட்டார். "இவன் ஆடணுமாமே" என்பதற்காக ஆறு முறை அலைந்து வாங்கினார். போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டோம். சான்றிதழ் மட்டும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. பின்னால் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது அதைத்தான் நீட்டினான்.

இன்னொன்று முகவரியோடு ஒட்டிய அவமானம். கண்ணகி நகர் என்று சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பது அங்கிருப்பவர்களின் பழைய புகார். 2000-ஆம் ஆண்டிலிருந்து சென்னையின் பல குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு வீடுகள். அங்கே வளர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைக் கேப்டன். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதைவிட முக்கியம், 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று ஊரின் பெயரையே முன்னொட்டாக வைத்துத் தமிழ்நாடு முழுக்கக் கூப்பிட்டது. போலீஸ் செய்தியில் மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு பெயர் விளையாட்டுச் செய்தியில் வந்தது. அங்கே இருக்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதில் கபடிக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு: பந்துகூட வேண்டாம், கொஞ்சம் மண்ணும் மூச்சும் இருந்தால் ஆடலாம். உங்கள் பசங்களுக்கு ஃபுட்பால்தான் வேண்டும் என்று ஏன் முடிவு செய்தீர்கள் என்று தெரியவில்லை. ஒரு முறை அவர்களிடமே கேட்டுவிடுங்கள். வடசென்னையில் கேரம் போர்டைச் சுற்றி நடப்பதும் இதே வேலைதான். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியது அப்படி ஒரு போர்டிலிருந்துதான்.

ஆனால் தயவுசெய்து கார்த்திகாவையும் காசிமாவையும் காட்டி உங்கள் பசங்களுக்கு ஆசை காட்டாதீர்கள். இருபது பேரில் ஒருவன்கூட அந்த அளவுக்குப் போகாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 'நீயும் ஆகலாம்' என்று மூன்று வருடம் சொல்லிவிட்டு, பதினெட்டு வயதில் அவன் ஆகாமல் நின்றால், முன்பைவிட மோசமான இடத்தில் அவனை விட்டிருப்போம். படிப்பும் போயிருக்கும், கனவும் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து உட்கார்ந்துவிட்ட நல்ல ஆட்டக்காரன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குக் கோச் இருந்தார், டீம் இருந்தது, பத்தாவது பாஸ் சான்றிதழ் மட்டும் இல்லை. அதற்கப்புறம் என் மைதானத்தில் ஒரு விதி: தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் பணம் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் டோர்னமென்ட் டீமில் பெயர்.

வேலை விஷயத்திலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வே மாதிரி நிறுவனங்களிலும் விளையாட்டுக்கென்று ஆள் எடுக்கிறார்கள். ஆனால் அதற்கெல்லாம் அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் போட்டிச் சான்றிதழ்தான் செல்லும். தெருமுனை டோர்னமென்டில் வாங்கிய ஆளுயரக் கோப்பையை வைத்து விண்ணப்பம்கூடப் போட முடியாது. எந்தப் போட்டிக்கு என்ன மதிப்பு என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பசங்களை ஏமாற்றுவது வேண்டுமென்றே நடப்பதைவிட, நமக்கே தெரியாமல் நடப்பதுதான் அதிகம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பாலத்தடியில் அவர்கள் இல்லாததால் பிரச்சினை இல்லை என்று தோன்றியிருக்கும். அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு, பதினேழு வயதில் கல்யாணப் பேச்சைக் கேட்டுக்கொண்டு. ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்தில் 2009-இல் தொடங்கிய யுவா என்ற அமைப்பு இந்தப் பெண்களுக்காகவே ஃபுட்பால் நடத்தியது. 2013-இல் அவர்கள் டீம் ஸ்பெயினில் ஒரு போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில் அறை வாங்கியதாகப் பெண்களே சொன்னது அப்போது செய்தியாக வந்தது. 2015-இல் அந்த அமைப்பு ஒரு பள்ளியையே தொடங்கிவிட்டது. பந்தில் தொடங்கினால் கடைசியில் பள்ளிக்கூடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பள்ளி கட்ட வேண்டாம். மைதானத்துக்குப் பக்கத்தில் பூட்டுப் போடக்கூடிய ஒரு கழிப்பறை, கூட நிற்க ஒரு பெண், இருட்டுவதற்கு முன் வீடு திரும்புகிற நேரம். இந்த மூன்றும் இருந்தால் அம்மாக்கள் அனுப்புவார்கள். எங்களுக்கு முதல் வருடம் கழிப்பறை இல்லை, பெண்களும் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆனது.

இனி நேராகச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

ஆள்தான் முதலில். வாரத்தில் ஐந்து நாள், ஒரே நேரத்தில், மழையோ வெயிலோ வந்து நிற்கிற ஒருவர். லைசென்ஸ் வாங்கிய கோச் தேவையில்லை, வந்து நிற்கிறவர் போதும். இந்தப் பசங்களுக்கு வாழ்க்கையில் பெரியவர்கள் வந்து வந்து போய்விட்டிருக்கிறார்கள். முதல் ஒரு மாதம் அவர்கள் ஆடுவதைவிட, 'இந்த ஆள் எப்ப நிறுத்துவான்' என்று பார்ப்பதுதான் அதிகமாக நடக்கும்.

அந்த ஆள் யார் என்பதில் கவனம் வேண்டும். பிள்ளைகளைத் தேடி வருகிறவர்களில் தப்பானவர்களும் உண்டு, மைதானம் அவர்களுக்கு வசதியான இடம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்கக் கூடாது, ராத்திரியில் தனியாக போன், மெசேஜ் கூடாது, வெளியூர்ப் போட்டிக்கு ஒரு பெற்றோராவது கூட வர வேண்டும். இதை எழுதி எல்லா வீட்டிலும் படித்துக் காட்டுங்கள். ஏதாவது நடந்தால் ஊருக்குள் பேசித் தீர்ப்பது கிடையாது, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி புகார்தான், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடலாம் என்பதையும் பிள்ளைகளிடமே சொல்லி வையுங்கள். இதைச் சொன்னால் சங்கடப்படுகிற கோச் உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம், யாரைச் சேர்ப்பது? நன்றாக ஆடுகிற பதினோரு பேரைப் பொறுக்கி எடுக்கும் ஆசை உங்களுக்கும் வரும். எடுத்தால் வெளியே நிற்கப்போகிற ஒன்பது பேர்தான் பாலத்தடியை விட்டு வர வேண்டியவர்கள். எங்களிடம் டீமில் இடம் கிடைப்பது வருகைக் கணக்கில்தான். பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரியாத ஒருவன் எங்கள் மைதானத்தில் ஆறு வருடம் இருந்தான். விசிலை அவன் கையில் கொடுத்தோம். இன்றைக்குப் பள்ளிப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறான், ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று காசும் வாங்குகிறான்.

சாப்பாடு. மதியம் டீயும் வடையும் மட்டும் சாப்பிட்ட பையனை ஓடவிட்டால் மயங்கி விழுவான். சுண்டல், வேகவைத்த முட்டை, வாழைப்பழம், ஏதோ ஒன்று. ஆட்டம் முடிந்ததும் கொடுங்கள், முன்னால் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் ஏமாந்திருக்கிறேன்.

ஜெர்சியில் பெயர் போட்டு ஸ்பான்சர் தருகிறோம் என்று கட்சிக்காரர்கள் வருவார்கள். வட்டச் செயலாளர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் தேர்தல் வந்தால் அதே ஜெர்சியில் பசங்களை பைக் ஊர்வலத்துக்குக் கேட்பார். பெட் மேட்ச்சும் அப்படித்தான். பணம் வைத்து ஆட ஆரம்பித்த அன்றைக்கே உங்கள் விதிகள் எல்லாம் காலி. போலீசோடு உறவு எப்படி என்று கேட்டால், சென்னை மாதிரி இடங்களில் காவல் சிறார் மற்றும் சிறுமியர் மன்றங்கள் இருக்கின்றன, கேரமும் டியூஷனும் நடக்கும், விசாரித்துப் பாருங்கள். ஆனால் கேஸ் இருக்கிற அந்த இரண்டு பசங்களைக் கேட்காமல் அங்கே இழுத்துக்கொண்டு போக வேண்டாம். அவர்களுக்கு முதலில் வேண்டியது இலவச சட்ட உதவி. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும்.

போதையில் ஆழமாக இறங்கிவிட்டவனை ஆட்டம் மீட்டுவிடும் என்று நம்பாதீர்கள். மாத்திரை, ஊசி என்று போனவனுக்கு வைத்தியம் வேண்டும், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழில் பேசலாம். மைதானம் செய்யக்கூடியது, அவன் திரும்பி வரும்போது அவன் இடம் காலியாக இருப்பதுதான். எங்களிடம் ஒருவன் இரண்டு முறை போய், மூன்றாவது முறை தங்கினான். நாலாவது முறை போய்விட்டானா என்று கேட்காதீர்கள், அது இன்னும் நடந்துகொண்டிருக்கிற கதை.

நம் கையில் இல்லாதவையும் உண்டு. ஒரு வருடம் எங்கள் கரையோரத் தெரு முழுவதையும் ஊருக்கு வெளியே மாற்றினார்கள். ஒரே வாரத்தில் எட்டுப் பேர் போனார்கள். இருபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு பஸ். ஒரு கோல்கீப்பர் மட்டும் மூன்று மாதம் வந்து போனான், அப்புறம் பஸ் காசு முடிந்தது. அந்த டீமை நான் எந்த விதி போட்டும் காப்பாற்றியிருக்க முடியாது.

கடைசியாக, எத்தனை பந்து வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இருபது பேருக்கு ஐந்தாம் நம்பர் பந்து இரண்டு போதும், சின்னப் பசங்க வந்தால் நாலாம் நம்பர் ஒன்று. ஜெர்சி இப்போது வேண்டாம். அந்தக் காசில் ஒரு நீளக் கணக்கு நோட்டும் இரண்டு பேனாவும் வாங்குங்கள். முதல் மாதம் அதில் பெயரும் தேதியும் மட்டும். தொடர்ந்து இரண்டு நாள் டிக் விழாத பெயரைப் பார்த்தால், மூன்றாம் நாள் அவன் வீட்டுக்கு நடந்து போங்கள். போனில் கூப்பிடாதீர்கள், எடுக்க மாட்டான்.